பிள்ளைக்கும் சேர்த்த உடன்படிக்கை

பம்பாய், 12.8.1968

அன்புள்ள ரத்னபாய்க்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். பந்தல்குடியில் நீயும் பிள்ளையும் எப்படி?

‘பிள்ளைக்கு மேலு கொதிக்குது. இப்பவாச்சும் ஞானஸ்நானம் குடுத்துருவமா?’ என்று எழுதியிருந்தாய். வளர்ந்து அவளே முடிவெடுக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்.

செவ்வாயன்று பட்டறையில் பாரம் தூக்கும் சங்கிலி அறுந்து, இரும்புத் தகடு என் பக்கத்தில் விழுந்தது. கையில் சிறு காயம்தான், பயப்படாதே. அந்த நொடியில், ‘எங்கப்பாவோட ஆண்டவரே!’ என்றுதான் கத்தினேன். நான் கேட்காமலே அப்பா வழியாக எனக்குக் கிடைத்தவர் அவர். ‘உனக்கும் உன் சந்ததிக்கும் தேவனாயிருப்பேன்’ என்ற அவருடைய உடன்படிக்கை நம் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

எனக்காகக் காத்திராதே. இதைப் படித்ததும் போதகரைக் கூப்பிடு. பெயர் உன் இஷ்டம். அவள் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. நான் இன்னும் அவளைப் பார்க்கவில்லையே.

உன் கடிதம் வர நாலு நாளாகும். காய்ச்சல் எப்படி என்று உடனே தந்தி கொடு. பட்டறைச் சங்கு ஊதிவிட்டது, வேலைக்குப் போகிறேன்.

உன்,
தேவசகாயம்