திரும்பும்போது ஊதியது

வியாழக்கிழமை, இரவு

இன்று தேவாவைக் காசிமேட்டுக் கல்லறையில் புதைத்தோம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். என்னோடு ஜாஸ் கேட்ட ஒரே ஆள். ஜாஸிலும் அவனுக்கு ஆட வைக்கும் ஸ்விங் வேண்டும், எனக்குத் தலைதெறிக்க ஓடும் பீபாப். நான் பீபாப் போட்டால் பாதியிலேயே, "மாத்து மாமு, மூச்சு முட்டுது" என்பான்.

ஜாஸ் பிறந்த ஊரில் சவத்தோடு மெதுவாக ஊதிப் போவார்கள், புதைத்துத் திரும்பும்போது ஆட்டமாக ஊதுவார்கள். சாவுக்கு வாசிக்கும் எங்கள் பேண்டு செட்டில் போகும்போதுதான் குத்து. திரும்பும்போது யாரும் வாத்தியத்தைத் தொடமாட்டோம். தெரிந்தும், கல்லறை வாசல் தாண்டியதும் சாக்சபோனில் அவனுடைய ஸ்விங்கை எடுத்தேன்.

"பொதைச்சிட்டு வர்சொல்ல இன்னாத்துக்கு நைனா ஊதுற?" என்று பேண்டு மாஸ்டர் என் கையைப் பிடித்தார். நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்து போனில் பீபாப் போட்டேன். முதல்முறையாக அது கடைசிவரை ஓடியது.