உன் வீட்டுக் கதவைத் திறக்காத கிழமைகள்

இன்று மதியம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் எனக்குப் பின்னாலிருந்த மேசையில் சோற்றுப் பார்சலைப் பிரித்துவைத்துக்கொண்டு வாக்குவாதப்பட்டார்கள். மாசிச் சம்பல் மணம் அறை முழுக்க நிறைந்திருந்தது. பேச்சு ஒன்லைன் விளையாட்டுகளைப் பற்றியது. பாதை போட்டுத் தராத விளையாட்டை யாரும் விளையாட மாட்டார்கள், சனம் இருக்கிற இடத்துக்குத்தான் சனம் போகும் என்றாள் ஒருத்தி. மற்றவள் சாண்ட்பொக்ஸ் என்ற சொல்லைச் சொன்னாள். நான் பிசைந்த கையோடு அப்படியே இருந்துவிட்டேன். அந்தச் சொல்லை எனக்கு முதலில் சொன்னவள் நீ.

தீம்பார்க் விளையாட்டில் எல்லாம் தயாராக இருக்கும் என்று நீ விளக்கினாய். எங்கே போவது, யாரைக் கொல்வது, என்ன பரிசு என்று அதுவே சொல்லும். நாம் வரிசையில் நின்றால் போதும். நமக்குக் கிடைத்ததை ஒருவரும் பறிக்க முடியாது. சாண்ட்பொக்ஸில் ஒன்றுமே இருக்காது. வெறும் நிலமும் கடலும்தான். நாமே மரம் வெட்டி, வீடு கட்டி, மீன் பிடித்து விற்கவேண்டும். கட்டியதை அடுத்தவன் வந்து எடுத்துக்கொள்ளலாம். உலகம் முழுக்க ஆட்கள் முதலாவதன் பக்கம் போய்க்கொண்டிருந்த காலத்தில் நீ இரண்டாவதைப் பிடித்துக்கொண்டாய்.

சுனாமியில் கடல் வந்து உன் ஊர் நாவலடியை அள்ளிக்கொண்டு போய் ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. உன் அம்மாவும் அப்பாவும் தங்கச்சியும் போய், சின்னம்மா மட்டும் மிஞ்சியிருந்தா. வந்தாறுமூலைக் கம்பஸில் ஒன்றாகப் படித்த நாம் இருவரும், வீடு கட்டிக் கொடுக்க வந்த ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் பெயர்ப்பட்டியல் தட்டச்சு செய்யும் வேலைக்குச் சேர்ந்தோம். அங்கேதான் வேகமான இணைய இணைப்பு இருந்தது. வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் மதிய இடைவேளையில் விளையாடுவதைப் பார்த்து நீ பக்கத்தில் போய் நின்றாய். அவர் ஊருக்குத் திரும்பியபோது நீ அதை விடமுடியாத ஆளாகிவிட்டிருந்தாய். அதற்குள் என்னையும் இழுத்துப் போட்டிருந்தாய்.

கடற்கரையிலிருந்து இத்தனை மீற்றருக்குள் இனிக் கட்டக் கூடாது என்று கோடு போட்டிருந்தார்கள். வீடு இழந்தவர்களின் பட்டியலில் உன் பெயரை நீயே தட்டச்சு செய்தாய். கடல் தெரியாத தூரத்தில் சின்னம்மாவுக்கும் உனக்கும் இலக்கம் போட்ட வீடு ஒன்று கிடைத்தது. பக்கத்து வீட்டில் ஜன்னல் எங்கேயோ அங்கேதான் உன் வீட்டிலும் ஜன்னல். அதே கிழமை விளையாட்டில், கடலோரம் பார்த்து, மணலில் உன் முதல் சுவரை எழுப்பினாய்.

கணக்குப் பிரிவில் இருந்த ரவியும் கூட்டாளிகளும் தீம்பார்க்காரர்கள். உன்னைப் பகிடி பண்ணாத நாள் இல்லை.

"கடல் கொண்டுபோனது காணாதா? அங்கயும் போய்க் கரையிலயா கட்டுறாய்?"

"அங்க என்னை எழும்பிப் போ எண்டு சொல்ல ஆள் இல்ல, ரவி."

"நாளைக்கு ஒருத்தன் வந்து ஒடைப்பான். அப்ப என்ன செய்வாய்?"

"ஒடைக்கட்டும். நான் கட்டினதத்தானே ஒடைப்பான்."

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன் பதிலின் பாரம் அப்போது எனக்குப் புரியவில்லை.

அந்த விளையாட்டில் ஒரு சட்டம் இருந்தது. வீட்டின் சொந்தக்காரர் குறிப்பிட்ட நாட்களுக்குள் ஒருமுறையாவது வந்து கதவைத் திறக்கவேண்டும். திறக்காவிட்டால் வாசல் பலகையில் எழுத்து மாறும். நல்ல நிலை, பழசு, பழுது, இடியும் தறுவாய் என்று படிப்படியாக. பிறகு ஒரு நேரம் வீடு விழுந்து, உள்ளே இருந்ததெல்லாம் நிலத்தில் சிதறும். எடுக்கிறவர்களுக்குச் சொந்தம்.

இரண்டு வருடம் கழித்து, நிறுவனத்தின் வன்னி அலுவலகத்துக்கு ஆள் தேவை என்றார்கள். ஆறு மாதம்தான் என்று நீ போனாய். பஸ் நிலையத்தில் உன் கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதித் தந்தாய்.

"கிழமைக்கு ஒருக்காக் கதவத் திறந்து மூடுகா. சாமான் ஒண்ணும் தொடாத. மறுகா நான் வந்து பாத்துக்கொள்ளுறன்."

முதலில் நீயும் இடையிடையே உள்ளே வந்தாய். நான் போகும்போது நாற்காலி ஜன்னலுக்குப் பக்கத்தில் நகர்ந்திருக்கும். அதைச் சின்னம்மாவிடம் போய்ச் சொல்வேன். கணினியைக் கண்ணால் பார்த்திராத அந்த மனுசி அதை நம்பினா. பிறகு யுத்தம் முற்றி, வன்னிக்குப் போகும் பாதை மூடியது. வெளிநாட்டு ஆட்கள் வன்னியை விட்டு வெளியேறினார்கள், உன்னைப் போன்ற உள்ளூர்க்காரருக்கு வெளியேற வழியிருக்கவில்லை. நாற்காலி நகரவில்லை. விளையாட்டிலும் ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். சந்தை நடந்த இடத்தில் யாரும் இல்லை. கிழமைக்கு ஒருமுறை நான் மட்டும் உன் பெயரில் நுழைந்து, அந்த வெறும் தெருவில் நடந்துவிட்டு வந்து உன் கதவைத் திறந்து மூடினேன்.

யுத்தம் முடிந்தது என்று பட்டணத்தில் பட்டாசு கொளுத்தினார்கள். சின்னம்மாவும் நானும் வவுனியாவுக்குப் போய், வன்னிச் சனத்தை அடைத்துவைத்திருந்த முகாம் முகாமாகக் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று உன் பெயரைச் சொல்லிக் கேட்டோம். ஒரு பட்டியலிலும் நீ இல்லை. ஊருக்கு வந்ததும் சின்னம்மா அம்மன் கோயில் சடங்கில் தெய்வவாக்குக்காகக் கட்டுக் கேட்கப் போனா. தெய்வமாடியவர், பிள்ளை தண்ணீர்க்கரையில் இருக்கிறாள் என்று சொன்னாராம். எந்தக் கரை என்று அவர் சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. என் மின்னஞ்சல்களுக்கு நீ பதில் போடவில்லை. பயத்தில் இருக்கலாம், எங்கேயாவது ஒளிந்திருக்கலாம். ஆனால் வீடு பழுதாகத் தொடங்கினால் விளையாட்டே சொந்தக்காரருக்கு எச்சரிக்கை அனுப்பும். நான் ஒழுங்காகத் திறந்துகொண்டிருப்பதால்தானே உனக்கு அது வரவில்லை? வீடு விழப்போகிறது என்று தெரிந்தால் நீ உயிரோடு எங்கிருந்தாலும் வருவாய். வராமல் இருக்க உன்னால் முடியாது. அதனால் திறப்பதை நிறுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னம்மா கேட்பா. "வீடு நிக்குதா புள்ள? கதவு திறந்திச்சா?" நிற்கிறது, இன்னும் திறக்கவில்லை என்பேன். பலகையில் பழசு என்று வந்தது. பழுது என்று வந்தது. இடியும் தறுவாய் என்று வந்த அன்று, ஆட்களே இல்லாத அந்த உலகத்தில் எங்கிருந்தோ ஏழெட்டுப் பேர் வந்து உன் வாசலைச் சுற்றி நின்றார்கள். விழும் வீட்டுக்குக் காத்திருக்கிறவர்கள். அந்தக் கடைசி எழுத்துக்குப் பிறகு எத்தனை மணி நேரம் என்று யாருக்கும் தெரியாது.

விழவிடும் நோக்கம் எனக்கு இல்லை, இதை நீ நம்பவேண்டும். கடைசி நேரத்தில் உன் பெயரில் நுழைந்து திறந்துவிடலாம் என்று வைத்திருந்தேன். நீ வந்தால் பார்க்கவேண்டும் என்று என் பெயரிலேயே வெளியே நின்றேன். காலை முழுக்க நின்றேன். மதியமானபோது பயம் பிடித்தது. என் பெயரிலிருந்து வெளியேறி உன் பெயரில் நுழைய ஒரு நிமிடம் தேவை. அந்த நிமிடத்துக்குள் வீடு போய்விட்டது.

நான் நுழைந்தபோது, ஜன்னலோரம் கடைசியாக விட்ட அதே இடத்தில் உன் உருவம் நின்றது. சுற்றிச் சுவர் இல்லை. வெறும் மணலில் நீ நிற்க, அந்த ஆட்கள் குனிந்து குனிந்து உன் சாமான்களை அள்ளினார்கள். ஒருவன் நிமிர்ந்து உன்னைப் பார்த்து ஆங்கிலத்தில் தட்டினான். மன்னித்துக்கொள், நீ செத்துவிட்டாய் என்று நினைத்தோம்.

உனக்காகப் பதில் தட்டவேண்டிய விரல்கள் என்னிடம்தான் இருந்தன. கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் இன்னொருவன் சுவர் எழுப்பத் தொடங்கினான்.

அந்த ஞாயிறு சின்னம்மா கேட்டா. நிற்கிறது என்றேன். கதவு திறந்ததா என்றா. திறந்தது என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அதற்குப் பிறகு நிறுத்தவும் முடியவில்லை. நாற்காலி நகர்ந்ததாகச் சொன்னேன். வாசலில் புதிதாக ஒரு வேலி போட்டிருக்கிறாய் என்றும் சொன்னேன். சின்னம்மா வேலி என்ன மரம் என்று கேட்டா. இரண்டு வருடத்தில் ஆள் போதாதென்று அந்த விளையாட்டையே மூடிவிட்டார்கள். இல்லாமல் போன கடலுக்குப் பக்கத்தில் இல்லாத வீட்டை நான் ஞாயிறு தவறாமல் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இறந்ததாக மரணப் பதிவு செய்ய ஒப்பமிடச் சொல்லி வந்த அதிகாரிகளிடம் சின்னம்மா, "என்ட புள்ள கதவத் திறந்து மூடுறாள், நீங்க என்ன பறையிறீங்க?" என்று சொல்லித் திருப்பி அனுப்பினா. மனுசிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அயலில் பேசினார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

போன வருடம் சின்னம்மா போய்விட்டா. கடைசிக் கிழமையும் கேட்டா. நான் சொன்னேன்.

இப்போது உன் மரணப் பதிவுக்கு ஒப்பமிடக்கூடிய ஆள் நான் ஒருத்திதான் மிச்சம். அந்தப் படிவம் என்னிடம் இருக்கிறது. உன் பெயரை நிரப்பியாயிற்று, பிறந்த திகதியும் நிரப்பியாயிற்று. நீ வருவாய் என்று எனக்கு நம்பிக்கை ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒருமுறை, நீ இருக்கிறாயா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில், நீ காக்கச் சொன்ன ஒரே ஒன்றை என் கண் முன்னால் விழவிட்டேன். இந்த ஒப்பத்தைப் போட்டு, இரண்டாம் முறை உன் விஷயத்தில் முடிவு சொல்ல எனக்குக் கை வரவில்லை.