என் பேருக்கு வராத கடிதங்கள்

2025 ஜூன் 8, ஞாயிறு

ஆப்பிரிக்காவிலிருந்து ஜெபாவின் கடிதம். இந்த முறையும் அவள் அம்மா ஹெலன் பேருக்குத்தான். வரட்டும். சண்டை நடக்கிற நாட்டில் ஐ.நா. படைக்கு ஹெலிகாப்டர் ஓட்ட, என்னைக் கேட்காமல் பேர் கொடுத்த மகளோடு நான் பேசுவதில்லை. அவள் விமானப்படையில் அதிகாரி என்றால் இந்த வீட்டில் நான் அதிகாரி.

ஹெலன் உரக்கப் படித்தாள். நான் டி.வி. சத்தத்தைக் குறைத்தேன்.

"இன்னாத்துக்கு கொறைக்கிற?"

"தலைவலி."

ஹெலிகாப்டர் இறங்கும் இடத்தில் ஆடுகள் வந்து படுத்துக்கொள்கின்றனவாம். விரட்டுவதற்கென்றே ஒரு சிப்பாயாம். முகாமில் போன் சரியாக எடுக்காதாம், அதனால்தான் கடிதமாம். கடைசியில், "நைனாவுக்கு வணக்கம்." அவ்வளவுதானா? ஆட்டுக்கு அரைப் பக்கம், எனக்கு இரண்டு வார்த்தை!

ஜூன் 27, வெள்ளி

ஹெலன் ஜெபக்கூட்டத்துக்குப் போனாள். கடிதத்தை எடுத்தேன். படிக்கவில்லை; புதுக் கண்ணாடி சரியாகத் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிகிறது. இரண்டு தடவை பார்த்தேன்.

ஜூலை 18, வெள்ளி

மில்லில் கிரேன் மேலே இருந்தேன். கூட வேலை செய்யும் லோகு கீழிருந்து கையாட்டி இறங்கச் சொன்னான். அவன் போனில் செய்தி — ஜெபா இருக்கிற நாட்டில் ஐ.நா. ஹெலிகாப்டர் ஒன்றைச் சுட்டிருக்கிறார்கள். யார் பேரும் போடவில்லை.

ஹெலனிடம் எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா? கர்த்தாவே, இன்னாத்துக்கு நான் அவகிட்ட பேசாம இருந்தேன்? பெரிய ஆளாட்டம்...

ஜூலை 19, சனி

ஹெலன் கடைக்குப் போயிருந்தபோது போன் அடித்தது. என்னமோ நீள நம்பர்.

"நைனா, நான்தான்."

எவ்வளவோ சொல்ல இருந்தது. வாயில் வந்தது, "சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். அடிபட்டவங்கள ஏத்திக்கினு வர்றப்போ என் ஹெலிகாப்டர் வால்ல சுட்டுட்டானுங்க. எப்படியோ எறக்கிட்டேன். எல்லாரும் பத்திரம். நைனா... நீ எங்கூட பேசற!"

"நான் எங்கடி பேசறேன்? உங்கம்மா ஊட்ல இல்ல, அதான் எடுத்தேன்."

சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை. லைன் கட்டாகிவிட்டது. நான் அழுதேன். அது தெரியும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கடிதம். என் பேருக்கு! ஹெலன் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனுக்கு இன்னா எழுதிகீறா?"

"வணக்கம் போட்டுகீறா."

முறைத்துவிட்டு உள்ளே போனாள். நல்லவேளை. அதற்கு மேல் நான் படித்துக் காட்டியிருக்க முடியாது.

குண்டடி பட்ட ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் விரும்பினால் இப்போதே ஊர் திரும்பலாமாம். காட்டுக்குள் இன்னும் நிறையப் பேர் அடிபட்டுக் கிடக்கிறார்களாம். அவளுக்கு இருக்கத்தான் ஆசையாம். "ஆனா இந்த வாட்டி உன்னக் கேக்காம எதுவும் செய்ய மாட்டேன் நைனா. வான்னு சொல்லு, வந்துர்றேன்."

இதைத்தானே அவளிடம் எதிர்பார்த்தேன், கேட்க வேண்டும் என்று? கேட்டுவிட்டாள். இப்போது பேஜார் எனக்கு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததிலிருந்து எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

"வரச் சொல்லிட்டியா?" என்றாள் ஹெலன். என் கடிதத்தை எப்போது எடுத்துப் படித்தாளோ! ஒரு மாதிரியாகத் தலையை ஆட்டினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளும் கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

'வந்துடு' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். 'காட்டுக்குள்ள காத்தப் பாத்து எறங்கு' என்று எழுதி கவரை ஒட்டிவிட்டேன்.