ஒரு விரலில் மூடிய கதவு

அன்புத் தம்பி முந்திரிக்கொட்டைக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்க வேண்டும். கம்பெனியின் புதுக் காரை உங்கள் தொழிற்சாலையில்தான் செய்யப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்த நாளிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. சரி, கடிதத்தைக் கட் பண்ண முடியாதே என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரியும். உங்களுக்கு வந்தால் எங்களுக்குப் போயிற்று, இங்கே எங்கள் தொழிற்சாலையின் இரண்டாம் ஷெட்டை மூடுவார்கள், மாமாவின் வேலை போகும், அக்கா முகத்தில் எப்படி விழிப்பது. அதுதானே? முழுக் கதையையும் கேட்டுவிட்டு அப்புறம் ஒளிந்துகொள்.

இந்தக் காருக்காக இரண்டு பக்கமும் பட்ட பாடு உனக்கே தெரியும். ஒரே பெண்ணை இரண்டு வீட்டார் கேட்டு வந்த மாதிரிதான். உங்கள் மாநில அரசு நிலத்தைச் சும்மா தருகிறேன் என்றது. எங்கள் அரசு வரியே வேண்டாம், மின்சாரத்தையும் பாதி விலைக்குத் தருகிறேன் என்றது. கம்பெனிப் பெரியவர்கள் வருகிறார்கள் என்று எங்கள் தெருவுக்கு அவசர அவசரமாகத் தார் போட்டார்கள். வருஷக்கணக்காக நாங்கள் மனு கொடுத்துக் கிடந்த தெரு. தார் ஆறுவதற்குள் பக்கத்து வீட்டு நாய் அதில் நடந்து, கால்தடம் இன்னும் அப்படியே இருக்கிறது. போட்டியில் எங்களுக்கு மிஞ்சிய லாபம் அந்தத் தெருதான்.

கடைசியில் இரண்டு பக்கமும் சரிசமமாக நின்றதால் ஒரு சோதனை வைத்தார்கள். இரண்டு தொழிற்சாலையும் அந்தக் காரில் ஆளுக்கொன்று செய்ய வேண்டும். எது எங்கே செய்தது என்று சொல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார்கள். இரு தரப்புத் தொழிலாளர்களும் பார்த்து, நல்லது எதுவோ அதில் பச்சை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். எங்கள் தரப்பில் போன ஆறு பேரில் நானும் உன் மாமாவும் உண்டு. பெயின்ட் பார்க்க நான், கதவு பார்க்க அவர். வாசலில் எங்கள் மேனேஜர், நம்ம காரு எதுன்னு கண்டுபிடிச்சு அதுலயே ஒட்டிடுங்க என்று கிசுகிசுத்து அனுப்பினார்.

கூடத்துக்குள் போனதும் அசந்துவிட்டேன் தம்பி. விளக்கு வெளிச்சத்தில் இரண்டு வெள்ளைக் கார்கள். எண்களைத் துணியால் மூடியிருந்தார்கள். இத்தனை வருஷமாகக் கார்களைத் தடவியே சம்பளம் வாங்குகிறவள் நான். அன்றுதான் முதன்முதலாகக் காரைப் பார்த்த மாதிரி இருந்தது. வலப்பக்கம் நின்றதில் கை வைத்தேன். எங்கள் கார்களில் பின்கண்ணாடிக்கு மேலே கூரையில் எப்போதும் ஒரு மெல்லிய நெளிவு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்கைக்குத் தெரியும். இதில் இல்லை. திரும்பத் தடவினேன், இல்லவே இல்லை. அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? அட, எங்கள் ஆட்கள் கடைசியில் அதையும் சரிப்படுத்திவிட்டார்களே என்று பூரித்துப் போனேன்!

உன் மாமா கதவை ஒரு விரலால் தள்ளினார். அது வேகமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல் போய், பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தது. மறுபடி திறந்தார், மறுபடி தள்ளினார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. என் கதவு எனக்குத் தெரியாதாடி, இது நம்மதுதான் என்று என் காதோடு சொன்னார். மார்பை நிமிர்த்திக்கொண்டு போய் முதல் ஸ்டிக்கரை ஒட்டினார். நாங்கள் ஐந்து பேரும் பின்னாலேயே போய் ஒட்டினோம்.

துணியை எடுத்தார்கள். அது உங்கள் கார்.

உங்கள் ஆட்களும் அதில்தான் ஒட்டியிருந்தார்கள். எங்கள் கார் ஒரு ஸ்டிக்கர்கூட இல்லாமல் நின்றது. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. தன் சோற்றில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டாரே என்று உன் மாமாவைப் பற்றி ஷெட்டில் பேசாதவர்கள் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் கை கால் கழுவிவிட்டு வந்து அலமாரிக் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். உன் தம்பி கதவுப் பிரிவுலதானே இருக்கான் என்று கேட்டார். ஆமாம் என்றேன். பய கதவைச் சுத்தி வர்ற அந்த ரப்பர்ல என்ன பண்ணியிருக்கான்னே புரியலையே, எப்படி இருந்தாலும் மச்சான்கிட்டதானே தோத்தேன் என்றார். கோபமாக இருப்பார் என்று பயந்திருந்தேன். கோபமே இல்லை தம்பி, அதிசயத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் முகம் அது. ஆனால் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன்.

ஷெட்டை இந்த மாதக் கடைசியில் மூடுகிறார்கள். நான் முதல் ஷெட் என்பதால் தப்பித்தேன். அவர் தப்பவில்லை. வேலை கேட்டு மச்சினன் வாசலில் வந்து நிற்கிற ஆள் அவர் இல்லை என்று உனக்கே தெரியும். நானும் கேட்கவில்லை.

நீ ஒன்று மட்டும் செய். அவருக்கு நீயாகவே போன் போடு. வேலை என்ற பேச்சையே எடுக்காதே. மாமா, அந்தக் கதவு கீழ்ப்பக்கம் லேசா இடிக்குது, எங்களுக்குப் பிடிபடல, நீங்க ஒரு தடவ வந்து பாத்துச் சொல்லணும் என்று சொல். அது எங்கேயும் இடிக்காது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் புறப்பட்டு வருவார்.

உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். நீ செய்த காரைத் தடவிய கையால்தான் இதை எழுதி ஆசீர்வதிக்கிறேன்.

போனை எடுடா.

உன் அக்கா