டிஸ்குக்குக் கொடுத்த குறிப்பு

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். முதலில் நல்ல செய்தி. ஸ்டூடியோவில் என் வேலை தப்பித்தது.

நீ எழுதிக்கொடுத்த புரோகிராமில் ஒரு குறையும் இல்லை. வந்தவர்களுக்குக் காட்டிவிட்டு நாங்கள் அழித்துவிடும் மாதிரிப் படங்கள் சீக்கிரம் அழியும் என்று, படங்களைச் சேமிக்கும் டிஸ்குக்குக் குறிப்பு போகும்படி வைத்திருந்தாய் அல்லவா? அதைப் பார்த்து முதலாளியம்மா பதறிவிட்டார். "அழியும்னு நாமளே சொல்லிக் கொடுத்தா அது சும்மா இருக்குமா? எல்லாத்துக்கும் நெடுநாள்னே போடு" என்றார். போட்டேன்.

அதிலிருந்துதான் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து நின்றுவிடும். "போட்டோ வருமா, இல்ல நானே வரைஞ்சுக்கவா?" என்று கேட்டார் ஒருவர். என் சுபாவம்தான் உனக்குத் தெரியுமே, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்தான் எதையோ தட்டிக் கெடுத்துவிட்டேன் என்று, மாதம் முடிந்ததும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார் முதலாளியம்மா. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு வேறு எந்த இடம் காத்திருக்கிறது?

நான் கேட்டு எழுதியதற்கு அப்போதுதான் உன் பதில் வந்தது. டிஸ்க் ஒவ்வொரு படமாகத் துடைக்காது, ஒரு பகுதியை மொத்தமாகத்தான் துடைக்கும். போகிறதும் இருக்கிறதும் கலந்து கிடந்தால், இருக்க வேண்டியதை வேறு இடத்துக்குத் தூக்கி வைத்தே அது திணறித் தேய்ந்துபோகும். குறிப்பு இடம் பிரித்து வைக்கத்தான், அழிக்க இல்லை என்று எழுதியிருந்தாய்.

புரிந்தது. முதலாளியம்மாவிடம் சொல்ல வாய் வர வேண்டுமே! மேஜை வரை போவதும் திரும்புவதுமாக இருந்தேன். கடைசியில் என்னையே படம் எடுத்து, "சீக்கிரம் அழியும்" என்று குறித்துச் சேமித்தேன். ஒரு வாரம் கழித்துத் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"அடியே ஊமைச்சி, உன் மூஞ்சி அப்படியே இருக்கே!" என்று சிரித்துவிட்டார்.

"நாம அழிச்சாத்தாம்மா போகும்" என்றேன்.

உடனே குறிப்பைப் பழையபடி மாற்றச் சொன்னார். கம்ப்யூட்டர் இரண்டு நாள் முனகிவிட்டுத் தெளிந்துவிட்டது. அடுத்த மாதமும் என்னை வரச் சொல்லிவிட்டார்.

வீட்டில் சொன்னபோது அப்பா செய்தித்தாளை இறக்காமலே, "அவன் எழுதினதா?" என்றார். அவரோடு சண்டை போட்டுக்கொண்டு நீ கிளம்பிய பிறகு, உன் பேச்சை அவராக எடுத்தது இதுதான் முதல் தடவை. ஆமாம் என்றேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "நல்லா இருக்கானாமா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கடைக்குப் போய்விடுவாள். அப்பா கூடத்தில் போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். கூப்பிடு அண்ணா. மணி அடித்தால் நான் எடுக்க மாட்டேன்.

என்றும் உன் அன்பை மறவாத
தங்கை