முன் பலகைக்கு அடியில் பேட்டரி

மச்சான்,

இன்று காலை பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மூடியைத் திறந்தேன். அந்த ஆசிட் நெடி உங்களுக்கு ஆகவே ஆகாது. எட்ட நின்றாலும் தும்முவீர்கள். தும்மிவிட்டு, "மாப்ளே, அத மொதல்ல மூடுங்க" என்பீர்கள். இன்று தும்ம ஆளில்லை. வேலையை அப்படியே போட்டுவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போன பிறகு நான் செய்த ஒரு காரியம் உள்ளுக்குள் அறுத்துக்கொண்டே இருக்கிறது.

குளத்து மீன் குத்தகையை நாம் இருவரும் சேர்ந்து எடுத்தபோது சூலூரில் சிரிக்காத ஆளில்லை. மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டுகிறவனுக்கும் அலுமினியம் வார்க்கிறவருக்கும் மீன் எதற்கு என்றார்கள். மற்றவர்கள் துடுப்புப் போடுவார்கள். நமக்கு அது ஆகுமா? பழைய ஃபைபர் படகு வாங்கினோம். கார் ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் ஒன்றை நான் மாற்றிக் கட்டினேன். நீங்கள் உங்கள் பட்டறையில் அதற்கு விசிறி வார்த்தீர்கள். சின்ன பேட்டரி போதும் என்றேன், கேட்டால்தானே! வீட்டு யூபிஎஸ்ஸைக் கழற்றி, அம்மிக்கல் கனத்தில் இருந்த அந்த பேட்டரியைத் தூக்கி வந்தீர்கள். கோயமுத்தூர்க்காரன்தான் படகிலும் இன்வெர்ட்டர் வைப்பான் என்று வலைக்கடைக்காரர் கேலி செய்தார். அடுத்த முறை கரண்ட் போனபோது நீங்கள் வீட்டில் வாங்கிய திட்டு என் பட்டறை வரை கேட்டது.

வலை வாங்கும்போது அதன் கண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, இன்னும் பெரிய கண் வேண்டும் என்றீர்கள். "குஞ்சு தப்பிச்சுப் போகட்டுங்க. நாளைக்கும் நாமதான வரோணும்?"

வலையிலும் மிதவையிலும் நமக்குள் சண்டை வந்ததில்லை. பேட்டரி எங்கே என்பதில்தான் வந்தது. மோட்டாரை ஓட்டுவது நான், என் இடம் பின்னால். பேட்டரியும் என் காலடியில்தான் இருக்க வேண்டும் என்று நீங்கள் ஒரே பிடி. நான் தனியாக ஓட்டினால் படகின் மூக்கு வானம் பார்த்தது. முன்னால் நகர்த்துங்கள் என்று நான் கத்தினேன். நீங்கள் முன் பலகையில் போய், உங்கள் பெரிய உடம்போடு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டீர்கள்.

ஐப்பசியில் ஒரு காலை, டீ டம்ளரைக் கையில் பிடித்தபடியே போய்விட்டீர்கள். கருமாதி முடிந்த மறுவாரம் நான் பேட்டரியை முன் பலகைக்கு அடியில் மாற்றினேன். படகு கோடு போட்டது போல ஓடியது. மச்சான், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுக்குளத்தில் உரக்க, "நான் அப்பவே சொன்னனுங்களே!" என்றேன். சொல்லி முடித்ததும்தான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. அன்று வலையைக்கூட எடுக்காமல் கரைக்குத் திரும்பினேன்.

போன வாரம் தங்கச்சி குளத்துக்கு வந்தாள். உங்கள் பங்கைப் பிரித்துக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து நானே பேச்சை எடுத்தேன். அவள் முகம் சுண்டிவிட்டது.

"ஏனுங்ணா, என்னைக் கழிச்சு உடறீங்களா? அவரு பங்குக்கு நான் வாரனுங்ணா. மொதல்ல ஒரு சுத்துக் கூட்டிட்டுப் போங்க."

உங்கள் மிதவை ஜாக்கெட்டை அவளுக்கு மாட்டினேன். பெல்ட்டை எவ்வளவு இழுத்தும் தொளதொளவென்றுதான் இருந்தது. முன் பலகையில் உட்கார்ந்தாள். கரையை விட்டுக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், மூக்கு அமுங்கித் தண்ணீர் உள்ளே வந்தது. "அண்ணா, சீலை நனையுதுங்ணா!" என்று பலகையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எப்படியோ திருப்பிக் கரையில் ஏற்றினேன்.

ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "அவரு என்னைய மாதிரி ரெண்டாளு கனம். அவரு உக்காந்தப்ப இப்பிடி ஆகலீங்களே?"

நீங்கள் பேட்டரியைப் பின்னால் வைத்தது உங்களையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துத்தான். நான் ஜெயிக்கவில்லை மச்சான். நீங்கள் உட்கார்ந்த இடத்தை பேட்டரியால் நிரப்பி, படகை ஒற்றை ஆளுக்கானதாக ஆக்கிவிட்டேன். உங்கள் வீட்டுக்காரி உட்காரக்கூட அதில் இடமில்லாமல் செய்துவிட்டேன். அதை அவளிடம் சொன்னேன். அவள் பேட்டரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். இருவரும் சேர்ந்து அதைப் பின்னால் நகர்த்தினோம்.

இப்போது தினமும் வருகிறாள். வலையில் சிக்கிய மீனை என்னைவிடச் சுருக்காக எடுத்துவிடுகிறாள். ஆனால் உங்கள் கனம் அவளிடம் இல்லையே, மூக்கு இன்னமும் கொஞ்சம் தூக்கித்தான் ஓடுகிறது. "ஒரு மண் மூட்டை போட்டுக்கலாமுங்ணா, சரியாப் போயிரும்" என்றாள் நேற்று.

வேண்டாம் அம்மிணி, இருக்கட்டும் என்றேன். மறுபடி நேராக ஓடினால் எனக்கு அன்று போல மறுபடி சந்தோஷம் வந்துவிடும், மச்சான்.