நுகத்துக்கு இரண்டு கழுத்து

ஜூன் 4, செவ்வாய்
மழை. மகள் ஆதிராவுக்கு மரபணு டொக்டரைப் பார்க்க டெர்மின் குறித்த நாள். இவருக்கு லீவு இல்லை, நான் தனியே.
பிள்ளைக்குக் காது கேளாததன் காரணம் தெரிந்துவிட்டது. டொக்டர் சொன்ன சொல்: ஹோமோசைகோட். பழுதான மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. எங்கள் இருவரிடமும் ஒவ்வொன்றுதான், அதனால் எங்களுக்குக் கேட்கிறது.
மாமியிடம் சொன்னேன். வெங்காயம் உரித்தபடியே: "எங்கட பரம்பரையில செவிடு எண்டு ஒருத்தரும் இல்லை. உங்கட பக்கத்தை விசாரிச்சுப் பார் பிள்ளை." பிறகு மெதுவாக: "கீர்த்தின்ர சம்பந்தம் முடியுமட்டும் வாய் திறவாதை." கீர்த்தி இவரின் தங்கை.
வாங்க: பம்பர்ஸ், காது மெஷினுக்கு பற்றரி, கறிவேப்பிலை.

ஜூன் 5, புதன்
தூக்கம் இல்லை. அந்தச் சொல்லைத் தேடினேன். கிரேக்கம். ஹோமோ, ஒரே மாதிரி. சைகோட், நுகத்தில் பூட்டியது.
நுகம்! ஏ.எல். உயிரியலில் 'ஓரினநுகமுள்ள' என்று எழுதிப் புள்ளி வாங்கினவள் நான். அன்று மாடு ஞாபகத்துக்கே வரவில்லை. ஒரே மாதிரி இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். ஒரு பக்கத்தால் மட்டும் வந்தது என்றால் அந்தச் சொல்லே இல்லை.
ஏழு மாதமாக என்னையே கிண்டிக்கொண்டிருந்தேன். வயிற்றில் இருந்தபோது வந்த நாலாம் மாதக் காய்ச்சலா, குடித்த மருந்தா, அன்னாசியா. போதும்.
இவரிடம் சொன்னேன். "ஓம், விளங்குது. இப்ப அம்மாவோட கதையாதையும்."
"அப்ப உங்கட பாதியை ஆர் சொல்லுறது?"
டீவீ சத்தத்தைக் கூட்டினார்.

ஜூன் 8, சனி
கீர்த்தி நாளைக்குக் கட்டச் சீலை கொண்டுவந்தாள். ஊன்ட்றொப் கோயில் தேர்த்திருவிழாவில் வைத்துத்தான் மாப்பிள்ளை வீட்டார் பார்க்கிறார்களாம். அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.
"அப்ப எனக்கும் இருக்குமோ அண்ணி?"
"பாதிக்குப் பாதி சான்ஸ். ரத்தத்தை ரெஸ்ட் செய்தாத் தெரியும்."
"அம்மாட்டயிருந்தோ அப்பாட்டயிருந்தோ?"
"ரெண்டில ஒராள்."
"அம்மாக்கு இதைச் சொல்லேக்க நான் பக்கத்தில நிக்கோணும்." சிரித்தாள். பிறகு சீலைக் கரையைத் தைக்கத் தொடங்கினாள்.
ஊசி விழுந்து கிடக்கிறது எங்கோ. காலையில் தேட வேண்டும், பிள்ளை தவழ்கிறாள்.

ஜூன் 9, ஞாயிறு
கொளுத்தும் வெயில். சனம், காவடி, தூசி. மாப்பிள்ளையின் தாய் வருவதைக் கண்டதும் மாமி பையிலிருந்து ஒரு கம்பளித் தொப்பியை எடுத்து ஆதிராவின் காதை மூடி இழுத்துவிட்டார். மூடினதும் மெஷின் கீச்சென்றது.
"என்ன சத்தம்?" என்றார் அந்த அம்மா.
"போன்," என்றார் மாமி.
தொப்பியைக் கழற்றினேன். "பிள்ளையின்ர காது மெஷின் அன்ரி. பிறப்பிலயே கேக்காது. தகப்பனிட்டயிருந்து பாதி, என்னட்டயிருந்து பாதி."
மாமி நிலத்தைப் பார்த்தார். கீர்த்தி வந்து பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்தாள்.
"என்னட்டயும் இருக்கலாம் அன்ரி. ரெஸ்ட் செய்யப்போறன். உங்கட மகனும் செய்வாரோ?"
அந்த அம்மா, "கேட்டுச் சொல்லுறன்," என்றார். அவ்வளவுதான். என்ன ஆகுமோ தெரியாது.
திரும்பி வரும்போது பெற்றோல் அடிக்க நிறுத்திய இடத்தில் தொப்பியைக் குப்பையில் போட்டேன். மாமி தன் கையால் பின்னியது. தெரிந்துதான் போட்டேன்.